ரெண்டாவது ஆள்

என் பொண்ணு அழுதா சத்தம் வராது. இதை முதல்லயே சொல்லிடறேன். இது தெரியாம மேல கேட்டா, "இவ்வளவு பெரிய ஆம்பளை, இதுக்குப் போயா இப்படி நடுங்கினான்"னு சிரிப்பீங்க. அப்படிச் சிரிச்ச ஆளுங்களை நான் நிறையப் பார்த்தாச்சு.

அவளுக்கு மூச்சுக்குழாய் பிறவியிலயே குறுகல். அதனால கழுத்துக்குழியில ஒரு ஓட்டை போட்டு, என் சுண்டுவிரல்ல பாதி கனம்கூட இல்லாத ஒரு டியூபைச் சொருகி, கழுத்தைச் சுத்தி நாடாவால கட்டி வச்சிருக்காங்க. மூச்சு அது வழியாத்தான் போகும், அது வழியாத்தான் வரும். அதுக்கு மேல காத்தே ஏறாதுன்னா சத்தம் எங்கேர்ந்து வரும்? வாய் திறக்கும், முகம் செவக்கும், கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டும், ஆனா அறையில ஒரு முனகல் இருக்காது. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்னா புள்ள அழறதே உங்களுக்குத் தெரியாது. மூச்சு அடைச்சாலும் அப்படித்தான். பக்கத்துலயே நாம உட்கார்ந்திருக்க, ஒரு சத்தமும் இல்லாம செத்துப்போயிடலாம் அந்தக் குழந்தை. இதை நினைக்கிறப்பல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்கும், இப்பவும் நடுங்குது.

"நாலு வயசு ஆகட்டும், ஆபரேஷன் பண்ணி டியூபை எடுத்துடலாம்"னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அப்ப அவளுக்கு ஒண்ணரை வயசு. சுண்டுன்னு கூப்பிடுவோம். அந்த ஒண்ணரை வயசுல ஏழு மாசம் ஆஸ்பத்திரியிலதான் கழிஞ்சது. வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு அவங்க சொல்லல. ஒரே ஒரு சட்டம் வச்சிருந்தாங்க. வீட்டுல ரெண்டு பேர் ரெண்டு வேலை கத்துக்கணும். டியூபுக்குள்ள சேர்ற சளியை மிஷினால உறிஞ்சி எடுக்கிறது ஒண்ணு, பழைய டியூபை உருவிட்டுப் புது டியூபைச் சொருகுறது ஒண்ணு. ரெண்டு பேரும் தேறினா மறுநாளே வீட்டுக்குப் போகலாம்.

என் பொண்டாட்டி மூணே வாரத்துல தேறிட்டா. துணிக்கடையில பில் போட்டுக்கிட்டிருந்தவ. வீட்டுல ஒரு பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறி நிக்கிறவ. அவ தேறிட்டா. ரெண்டாவது ஆள் நான். நான் தேறாததால என் பொண்ணு அந்த ரூம்லயே கிடந்தா. விஷயம் அவ்வளவுதான், இதுல சுத்தி வளைக்க ஒண்ணுமில்ல.

இப்ப என் வேலையைப் பத்திச் சொல்லணும். படகுத்துறையில எனக்கு நீர்க்காக்கான்னு பேர். படகோட அடியில ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டணுமா, இன்ஜின் விசிறியில சிக்கின வலையை அறுக்கணுமா, என்னைத்தான் கூப்பிடுவாங்க. முதுகுல சிலிண்டர் கிடையாது, வாயில குழாய் கிடையாது. ஒரு மூச்சு இழுத்துக்கிட்டு கத்தியோட இறங்குவேன். கலங்கின தண்ணி, கையை நீட்டினா கை தெரியாது, தலைக்கு மேல பத்து டன் படகு ஆடிக்கிட்டிருக்கும். இருபது வருஷத்துல ஒரு நாள் பயந்ததில்ல. பயந்தாங்கொள்ளிங்களைப் பார்த்து வாய் கிழியக் கேலி பண்ணியிருக்கேன். அந்த வாய்க்கெல்லாம் சேர்த்துத்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

முதல் நாளே எனக்கு அந்த வேலை பிடிக்கல. பொம்மைதான் கொடுத்தாங்க, கழுத்துல ஓட்டை போட்ட ரப்பர் பொம்மை. சொல்லிக் குடுத்த சிஸ்டருக்கு இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. எப்பவும் ஜலதோஷம் பிடிச்ச மூக்கு, எதுக்கும் சிரிக்காத முகம். "பிடிங்க சார், பயப்படாதீங்க"ன்னாங்க.

"யாரு, நானா பயப்படுறேன்? என் கையைப் பாருங்க சிஸ்டர். சிப்பி கிழிச்சுக் கிழிச்சு மரக்கட்டை ஆன கை. இந்த முரட்டுக் கையால பச்சைப் புள்ள கழுத்தைத் தொட்டா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

"உங்க மனைவி பூட்டு சாவி எங்க வச்சோம்னு மறந்துட்டு தினமும் தேடுறாங்க. அவங்களே செய்றாங்க. பிடிங்க."

பொம்மைகிட்ட நான் சூரப்புலி. பொம்மை இருமாது, உதைக்காது, நம்ம கண்ணைப் பார்க்காது. பத்து தடவை செஞ்சேன், பத்தும் சரி. பொண்ணுகிட்ட வாங்கன்னா மட்டும் எனக்கு அன்னிக்குப் பார்த்துப் படகு வந்துடும். இல்லன்னா ஜலதோஷம். "எனக்கு இருமல் இருக்கு, புள்ளைக்கு ஒட்டிக்கும்"னு சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன். பொண்டாட்டி கட்டில் ஓரத்துல உட்கார்ந்து என்னையே பார்ப்பா. அந்தப் பார்வைக்குப் பயந்து ஒரு நாள் "சரி, இன்னிக்குச் செஞ்சுடறேன்"னு கையைக் கழுவிட்டேன்.

சளி உறிஞ்சுற மிஷின் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கும். அதோட நுனியில மெல்லிசா ஒரு ரப்பர் குழாய். அதை டியூபுக்குள்ள விட்டு, உறிஞ்சிக்கிட்டே வெளிய இழுக்கணும். சிஸ்டர் பக்கத்துல நின்னு சொன்னாங்க: "குழாய் உள்ள இருக்கிற வரைக்கும் பாப்பாவால மூச்சு விட முடியாது. அதனால நீங்களும் அந்த நேரம் மூச்சை அடக்கிக்குங்க. உங்களுக்கு மூச்சு வேணும்னு எப்பத் தோணுதோ, அப்ப அவளுக்கும் வேணும். உடனே எடுத்துடணும். எல்லா அப்பா அம்மாவுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுப்போம், ரொம்ப சுலபம்."

அட, மூச்சை அடக்கறதுதானே! அப்பத்தான் எனக்குப் போன உயிர் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதான். நல்லா ஒரு மூச்சு இழுத்தேன். நெஞ்சு அடங்கிச்சு, கை நடுக்கம் நின்னுச்சு, தண்ணிக்குள்ள இறங்கினதும் வருமே ஒரு அமைதி, அது வந்துடுச்சு. குழாயை விட்டேன். மிஷின் கரகரன்னு ஓடுது, சளி ஏறி வருது. அவசரமே படல. இன்னும் கொஞ்சம் இருக்கும் போலிருக்கே, சுத்தமா எடுத்துடுவோம்னு மெதுவா திருகித் திருகி இழுக்கிறேன். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிப் புதுக் கையுறை எடுக்கப் போயிருந்தாங்க. நான் குழாயைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சொகமா இருந்துச்சுங்க, அதைத்தான் என்னால இன்னிக்கும் தாங்க முடியல. எனக்கு ரொம்ப சொகமா இருந்துச்சு.

"உதடு! ஐயோ, உதட்டைப் பாருங்க!"

பொண்டாட்டி கத்தினா. நிமிர்ந்து பார்த்தேன். புள்ள உதடு நீலமா இருந்துச்சு. கண்ணு அகலமாத் திறந்து என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. காலு உதைக்கறதை நிறுத்தியிருந்துச்சு. அது உதைச்சுக்கிட்டிருந்ததையே நான் பார்க்கல. சிஸ்டர் பாய்ஞ்சு வந்து குழாயை உருவிப் போட்டாங்க, ஆக்சிஜன் பையை டியூபுல வச்சு அழுத்த ஆரம்பிச்சாங்க. என் கை நீட்டின மாதிரியே அந்தரத்துல நின்னுச்சு. பை சுருங்கி விரிஞ்சது, சுருங்கி விரிஞ்சது. உதடு கொஞ்சம் கொஞ்சமா நிறம் மாறிச்சு. அப்புறம் புள்ள வாயைத் திறந்து அழுதுச்சு, ஒரு சத்தமும் இல்லாம.

சிஸ்டர் முகத்துல ஈயாடல. "எவ்வளவு நேரம் உள்ள வச்சிருந்தீங்க?"

"நீங்க சொன்னபடிதான் சிஸ்டர். எனக்கு இன்னும் மூச்சு வேணும்னே தோணல."

"நீங்க... என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னேன்.

"எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

"சாதாரணமா ரெண்டு நிமிஷம். வீம்புக்கு இறங்கினா மூணு."

அவங்க அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க. "அஞ்சு வினாடி சார். மிஞ்சிப் போனா பத்து. அதுக்கு மேல கூடாது." மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. "எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். யாரும் பத்து வினாடி தாண்டினதில்ல, மூச்சு முட்டி எடுத்துடுவாங்க. உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும். தப்பு என் மேலதான்."

தப்பு யார் மேலயோ இருக்கட்டும். கை என் கை. அந்தக் கையை நீட்டிக்கிட்டு என் பொண்ணைக் கிட்டத்தட்டக் கொன்னேன், அதையும் நிம்மதியாக் கொன்னேன். அன்னிக்கு ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல இறங்கினவன் பதினோரு நாள் திரும்பி ஏறல.

சாக்குப்போக்கு சொல்லக்கூட இந்தத் தடவை வாய் வரல. போன்ல பொண்டாட்டி, "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்பா. "ம்"பேன். "வரீங்களா"ன்னு கேட்பா. "பார்க்கிறேன்"பேன். வச்சிடுவா.

மூணாவது நாள் ஒரு படகுக்காரர் கூப்பிட்டாரு, விசிறியில வலை சுத்திக்கிச்சுன்னு. மூச்சு இழுத்துக்கிட்டு இறங்கினேன். வழக்கமா ஒரு ஆள் ஆழம் தாண்டினதும் நெஞ்சு தானா அடங்கும். அன்னிக்கு அடங்கல. அந்த அமைதி வர்ற நேரத்துல அந்த உதடு வந்துச்சு. கலங்கின தண்ணிக்குள்ள, கண்ணுக்கு நேரா, நீலமா. கத்தியை விட்டுட்டுக் கையைக் காலை அடிச்சுக்கிட்டு மேல வந்து, படகோட விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நாய் மாதிரி இரைச்சேன். இருபது வினாடிகூட ஆகியிருக்காது.

"என்னப்பா நீர்க்காக்கா, கீழ பேய் கீய் பார்த்தியா?"ன்னு அவர் சிரிச்சாரு. கூட நின்னவங்களும் சிரிச்சாங்க. நான் வேட்டியைச் சுத்திக்கிட்டு நடையைக் கட்டினேன். அதுக்கப்புறம் தண்ணியில கால் வைக்கல. கரையில கவுத்துப் போட்ட ஒரு ஓட்டைப் படகு மேல உட்கார்ந்து பொழுதைக் கழிச்சேன். போடா போ, உனக்குத் தெரிஞ்ச ஒரு வேலையும் போச்சுன்னு என்னையே திட்டிக்குவேன்.

பதினோராவது நாள் மத்தியானம் அங்க வந்தா என் பொண்டாட்டி. சேலை கசங்கி, தலை கலைஞ்சு, ஒரு செருப்பு வார் அறுந்து அதைக் கையில பிடிச்சுக்கிட்டு.

"சுண்டு?"

"நல்லாத்தான் இருக்கா. ஒரு மணி நேரம் பார்த்துக்கங்கன்னு சிஸ்டர்கிட்ட கெஞ்சி விட்டுட்டு வந்தேன். பஸ்ல தூங்கிட்டேன். நாலு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வந்தேன், அதுலயே முக்கால் மணி போயிடுச்சு." மூச்சு வாங்கினா. "எப்ப வரப் போறீங்க?"

"நான் வரல. உன் தம்பியை வரச் சொல்லு. அவன் கத்துக்கட்டும்."

"அவன் நம்ம வீட்டுலயா இருக்கான்? அவனுக்குன்னு குடும்பம் இல்லையா? நாலு வயசு வரைக்கும் அவன் பொண்டாட்டி புள்ளையை விட்டுட்டு இங்க வந்து உட்காருவானா?"

"என்னால முடியாது. எனக்குப் பயமா இருக்கு." சொல்லிட்டேன். என் வாழ்க்கையில அந்த வார்த்தையை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. "உனக்குத்தான் நல்லாச் செய்ய வருதே. நீ ஒருத்தி போதும்னு டாக்டர்கிட்ட பேசுவோம். சும்மா ஒரு சட்டம் போட்டு வச்சிருக்காங்க, பெரிய சட்டம். ரெண்டு ஆள் எதுக்காம்?"

அவ என்னைப் பார்த்தா. கல்யாணம் ஆகி எட்டு வருஷம், என்னை நீங்க, வாங்கன்னுதான் பேசுவா. சண்டையிலகூட.

"எதுக்குன்னு நினைச்ச நீ?"ன்னா. "ரெண்டாவது ஆள் எதுக்குன்னு நினைச்ச? நான் தூங்கறதுக்கு. அவளுக்கு ஒரு மணிக்கு ஒரு தடவை சளி எடுக்கணும். சத்தம் போட்டு எழுப்பத் தெரியாது அவளுக்கு. நான் கண்ணை மூடினா யாரு பார்ப்பா? பஸ்ல நாலு ஸ்டாப் தூங்கினேனே, அதே மாதிரி வீட்டுல ஒரு நாள் தூங்குவேன். தூங்காம இருக்கிறதுக்கு நான் என்ன சாமியா? எழுந்து பார்க்கிறப்ப என் புள்ள சில்லுன்னு கிடக்கும். அப்ப வந்து நீ என்ன சொல்லுவ? எனக்குப் பயமா இருந்துச்சுன்னு சொல்லுவியா?"

நான் படகை விட்டு இறங்கி அவ முன்னால நின்னேன்.

"எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு நினைச்சியா? முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் செஞ்சு முடிச்சுட்டு பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். சிஸ்டரைக் கேளு." முகத்தைத் துடைச்சுக்கிட்டா. "நான் போறேன், நேரமாச்சு. வந்தா வாங்க, வராட்டி போங்க." மறுபடியும் மரியாதை வந்துடுச்சு. அது இன்னும் மோசமா இருந்துச்சு எனக்கு. அறுந்த செருப்பைப் பிடிச்சுக்கிட்டே அவ விறுவிறுன்னு நடந்து போறதைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப் வர்றதுக்குள்ள ஓடிப் போய்ச் சேர்ந்துக்கிட்டேன். பஸ்ல ஏறினதும் என் தோள்ல சாய்ஞ்சவ எழுந்திருக்கல, ஆஸ்பத்திரி வாசல்ல நான்தான் உலுக்கி எழுப்பினேன்.

வந்து சேர்ந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன் பாருங்க, அதுவும் பொய். சுண்டு என்னைப் பார்த்ததும் கட்டிலோட அந்தக் கோடிக்கு நகர்ந்துச்சு. அம்மா முந்தானையை எடுத்துத் தலை மேல போட்டுக்கிச்சு. நான் கிட்டப் போனேன். வாயைத் திறந்து அழ ஆரம்பிச்சுச்சு. பெத்த அப்பனைப் பார்த்து அது அப்படி நடுங்கறதைப் பார்க்கிறதுக்கு என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம். ஆனா அதுக்கு ஞாபகம் இருக்கும்ல? அதுவும் என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்துச்சு அன்னிக்கு.

சிஸ்டர் ஒண்ணும் கேட்கல, ஏன் வரலன்னு. "இனிமே உங்க மூச்சைத் தொடவே தொடாதீங்க. அதை வீட்டுல வச்சுட்டு வாங்க"ன்னாங்க. "சத்தமா எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, வெளிய. வாயால எண்ணிக்கிட்டே இருந்தா மூச்சை அடக்க முடியாது. கண்ணு குழாய்ல வேண்டாம், உதட்டுல இருக்கணும்."

இது என்ன பெரிய விஷயம், அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதான்னு உங்களுக்குத் தோணும். எனக்கு வரல. இருபது வருஷப் பழக்கம். கையில ஒரு நுணுக்கமான வேலையை எடுத்தா என் தொண்டை தானா மூடிக்கும். பொம்மைகிட்ட நின்னுக்கிட்டு "ஒண்ணு, ரெண்டு"ம்பேன், மூணு வராது. மூச்சு நின்னிருக்கும், உடம்புல அந்த அமைதி ஏற ஆரம்பிச்சிருக்கும். ஐயோ, அதை உணர்ந்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டும். கையை உதறிட்டுப் பின்னால போய் சுவத்துல ஒட்டிக்குவேன்.

"மறுபடியும்"னு சொல்வாங்க சிஸ்டர்.

"முடியல சிஸ்டர்."

"முடியலன்னு சொல்றீங்கள்ல, அப்ப மூச்சு வருது. நல்லது. மறுபடியும்."

போற இடத்துலல்லாம் எண்ணினேன். சட்டை பட்டன் போட்டா எண்ணுவேன், டீயை ஆத்தினா எண்ணுவேன். பஸ்ல சில்லறையை எடுக்கிறப்ப நான் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, வெளிய"ன்னு சத்தமாச் சொல்ல, பக்கத்துல உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க. மச்சினன்கூட ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், "மாமாவுக்கு என்னக்கா ஆச்சு?"ன்னு பொண்டாட்டி காதுல கேட்டான். எனக்குக் கேட்டுச்சு. கேட்டா கேட்கட்டும்.

அப்புறம் பொண்ணுகிட்ட. பொண்டாட்டி தலையைப் பிடிச்சுக்க, சிஸ்டர் என் முழங்கையைப் பிடிச்சுக்க, முதல் தடவை. புள்ள திமிறுது, நான் அஞ்சு வரைக்கும் கத்துறேன், பக்கத்து ரூம்லேர்ந்து ஒருத்தர் எட்டிப் பார்க்கிறாரு. பாதிச் சளிதான் வந்துச்சு. பரவாயில்ல, மறுபடியும் விடுங்கன்னாங்க சிஸ்டர். நான் வெளிய போய் வராந்தாவுல உட்கார்ந்து முட்டிக்குள்ள தலையை வச்சுக்கிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு உள்ள போய் மறுபடியும் செஞ்சேன். இப்படியே மூணு வாரம். பயம் ஒரு நாளாவது குறைஞ்சதான்னு கேட்டீங்கன்னா, இல்ல. பயத்தோட செய்யப் பழகினேன், அவ்வளவுதான். டியூப் மாத்தறதையும், விறைப்புக்கு உள்ள குச்சி வச்ச புது டியூபை இறக்கிட்டு அந்தக் குச்சியை உடனே உருவுறதையும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், நாலு தடவை, நாலு தடவையும் பொண்டாட்டி பக்கத்துல இருந்தா.

கடைசியா ஒரு பரிட்சை உண்டு. காலையில எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும், ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நானும் சுண்டுவும் மட்டும். வீட்டுல இருக்கிற மாதிரி. சிஸ்டர் உள்ள வர மாட்டாங்க. அவசரம்னா மணி அடிக்கலாம், ஆனா அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, நாமே செய்யணும். பொண்டாட்டி கட்டடத்துலயே இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவ தம்பி வீடு பக்கத்துலதான், அங்க போனா.

மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமில்ல. மணிக்கு ஒரு தடவை எண்ணினேன், எடுத்தேன். சுண்டு அழுதுச்சு, எடுத்து முடிச்சதும் சுவத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துக்கிச்சு. மூணு மணி வாக்குல தூங்கிச்சு. டியூபுலேர்ந்து லேசா விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துக்கிட்டிருந்துச்சு. சளி காய்ஞ்சிருக்கு, எழுந்ததும் எடுக்கணும்னு மிஷினை இழுத்து வச்சேன்.

விசில் நின்னுடுச்சு.

திரும்பினேன். கண்ணு திறந்திருந்துச்சு. கழுத்துக்குழி உள்ள இழுத்துக்கிச்சு, விலா எலும்புக்கு நடுவுல தோலு உள்ள இழுத்துக்கிச்சு. வாய் திறந்திருக்கு. டியூபுக்கு முன்னால கையை வச்சேன், காத்து இல்ல. ரப்பர் குழாயை விட்டேன், ஒரு அங்குலம்கூடப் போகல, முட்டுது. எடுத்து மறுபடியும் விட்டேன், முட்டுது. உள்ள சளி கல்லா அடைச்சிருந்துச்சு. மணியை அடிச்சேன். வராந்தாவுல யாரும் ஓடி வர்ற சத்தம் இல்ல. மறுபடியும் அடிச்சேன்.

கதவைப் பார்த்துக்கிட்டே நின்னேன். உண்மையைச் சொல்றேன், ரெண்டு மூணு வினாடி நான் கதவைத்தான் பார்த்தேன். யாராவது வந்து இதை என் கையிலேர்ந்து வாங்கிக்க மாட்டாங்களான்னு. புள்ள என் சட்டையைப் பிடிச்சுச்சு. அது என்னைக் கண்டா ஓடற புள்ள. பிடிக்கிறதுக்கு வேற யாரும் இல்ல அதுக்கு.

"ஒண்ணு"ன்னேன்.

நாடாவை அவுத்தேன், டியூபை உருவிப் போட்டேன். கழுத்துல அந்த ஓட்டை மட்டும். அதைத் தனியாப் பார்க்கிறப்ப பச்சைப்பட்டாணி அளவுதான் இருக்கும், சதை சுத்தியும் நெருங்குது. "ரெண்டு, மூணு." தயாரா இருந்த புது டியூபை வச்சு அழுத்தினேன், வழுக்கிக்கிட்டுப் பக்கத்துல போயிடுச்சு. உதடு நிறம் மாறுது. "நாலு! அஞ்சு!" வெளிய எடுக்க எதுவும் இல்ல, உள்ள போகணும். கழுத்தை நிமித்திப் பிடிச்சேன். நேரா குத்தாதீங்க, வளைச்சுக் கீழ இறக்குங்கன்னு சிஸ்டர் சொன்னது எங்கேயோ கேட்டுச்சு. "ஆறு, ஏழு"ன்னு என் தொண்டை கிழியுது, எனக்கு மூச்சு இரைக்குது, வேர்வை கண்ணுல இறங்குது. ஒரு துளி அமைதி இல்ல உடம்புல. கை அப்படி நடுங்குது. நடுங்கற கையாலயே வளைச்சு இறக்கினேன். எட்டுல போயிடுச்சு. உள்ள இருந்த குச்சியை உருவினேன், "ஒன்பது."

புள்ள இருமிச்சு. டியூபுலேர்ந்து சளி பீச்சிக்கிட்டு வந்து என் மூஞ்சியெல்லாம் அடிச்சது. அதைவிட நல்லது எதுவும் என் மூஞ்சியில இதுவரைக்கும் பட்டதில்ல. மறுபடியும் இருமிச்சு, காத்து போச்சு, வந்துச்சு, போச்சு. உதடு செவந்துச்சு.

அப்பத்தான் சிஸ்டர் கதவைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க, கீழ வேற ஒரு புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சாம், அங்கேர்ந்து ஓடி வந்திருக்காங்க. நான் ரெண்டு விரலால டியூபை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, "முப்பத்தி ஒண்ணு, முப்பத்தி ரெண்டு"ன்னு எண்ணிக்கிட்டிருந்தேன். நிறுத்தத் தெரியல எனக்கு.

"போதும் சார்"ன்னாங்க. "விடாதீங்க, நான் நாடா கட்டறேன்." கட்டி முடிச்சாங்க. நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டாங்க. கீழ கிடந்த பழைய டியூபை எடுத்து வெளிச்சத்துல பார்த்தாங்க, அந்தப் பக்கம் தெரியல. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாங்க. நான் பேயறைஞ்ச மாதிரி இருந்திருப்பேன் போல. முதல் தடவையா அவங்க குரல் இறங்கிச்சு. "இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கலாம். இதுக்கு மேல பரிட்சை வேண்டியதில்ல, நான் கையெழுத்துப் போட்டுடறேன். மனைவியை வரச் சொல்லுங்க, அவங்க பார்த்துக்கட்டும். நீங்க போய்க் கொஞ்சம் படுங்க."

எனக்கு அதுதான் வேணும். அவ வரணும், நான் ஓடணும். சிஸ்டர் புள்ளையோட இருக்க, வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன். நம்பரை அமுக்கறதுக்கே மூணு தடவை ஆச்சு. மணி மூணே முக்கால்.

மச்சினன்தான் எடுத்தான். ரகசியம் பேசற மாதிரி பேசினான். "சொல்லுங்க மாமா."

"அக்கா எங்க மாப்ள?"

"தூங்குறாங்க மாமா. காலையில வந்தவங்க கைப்பையைக்கூடத் தோள்லேர்ந்து எடுக்கல, அப்படியே பாய்ல சாய்ஞ்சாங்க. சாப்பாட்டுக்கு உலுக்கினேன், எழுந்திருக்கல. புரண்டுகூடப் படுக்கல இன்னும். எழுப்பட்டுமா?"

கண்ணாடி வழியாப் பார்த்தேன். சுண்டு முழிச்சுக்கிட்டு கதவையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அது யாரைத் தேடுதுன்னு எனக்குத் தெரியும், என்னை இல்ல. ஆறு மணிக்கு இன்னும் ரெண்டேகால் மணி நேரம் இருந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு தடவை சளி எடுக்கணும். 'எழுப்பு, உடனே ஆட்டோ பிடிச்சு வரச் சொல்லு'ங்கிற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு.

"மாமா? எழுப்பட்டுமா?"

"வேண்டாம் மாப்ள. தூங்கட்டும்"னேன்.

போனை வச்சுட்டு, கையைக் கழுவிக்கிட்டு உள்ள போனேன். சிஸ்டரை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.